ஒரு சிறு தாதுத் தடயத்தைப் படிப்பது எப்படி: மாமண்டூரை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் துத்தநாகம், ஈயம், செம்பு மூன்றும் ஒரே பாறையில் சேர்ந்து கிடக்கும் இடம் எது என்று கேட்டால் நிலவியல் படித்தவர்கள் மாமண்டூர் என்பார்கள். அங்கே ஓடுகிற சுரங்கம் எதுவும் இல்லை. அரசுக் கணக்கில் சுமார் 8 லட்சம் டன் தாது என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். இந்தியாவில் இப்படி ஒரு வரியோடு நின்றுபோன இடங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. தாதுத் தடயம் என்று இங்கே சொல்வது இவற்றைத்தான்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் நிலவியலையும் தேடல் வரலாற்றையும் நீங்களே திரட்டிப் படிக்க இந்த வழிகாட்டி உதவும். எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்கு இடம் தேடுகிறவருக்கும், சொந்த ஊர்ப் பக்கம் பச்சைக் கறை படிந்த கல்லைப் பார்த்துவிட்டு யோசிக்கிறவருக்கும் பயன்படும். தொடங்கும்போதே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த இடம் சிறியது என்கிறார்களே, இங்கே பாறையில் தாது குறைவா, இல்லை தேடியது குறைவா? ஆவணத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான்.

படி 1: இடத்தை உறுதிசெய்யுங்கள்

எளிதான வேலை என்று தோன்றும், ஆனால் பாதிப் பேர் இடறுவது இங்கேதான். மாமண்டூர் என்ற பெயரில் ஊர்கள் பல. செங்கல்பட்டைத் தாண்டி, தெற்கே போகும் பேருந்துகள் சாப்பாட்டுக்கு நிற்கிற மாமண்டூர் ஒன்று. காஞ்சிபுரத்துக்கு அருகே பல்லவர் குடைவரைகள் இருக்கும் மாமண்டூர் இன்னொன்று. திருப்பதிப் பக்கம் காட்டை ஒட்டி ஒன்று. தாது இருப்பது இவற்றில் எதிலும் இல்லை, பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மாமண்டூரில்.

அடுத்து மாவட்டப் பெயர். தென்னார்க்காடு 1993இல் பிரிந்தபோது இந்தப் பகுதி விழுப்புரம் மாவட்டத்துக்குள் வந்தது. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. அறிக்கைகளில் எழுதிய காலத்து மாவட்டப் பெயர்தான் இருக்கும். ஆகவே மூன்று மாவட்டப் பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். ஆங்கிலேயர் காலத்து எழுத்துக்கூட்டல் இன்னும் மோசம். ஆந்திரத்தின் அக்னிகுண்டலா செம்புக் குழிகளைப் பற்றி 1814இல் எழுதிய பெஞ்சமின் ஹைன் அந்த ஊரை ‘அக்ரிகொண்டாலா’ என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். இன்றைய பெயரைத் தட்டினால் அந்தப் பக்கம் கிடைக்காது.

பெயரை நம்பாமல் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் எந்தத் தாள் என்று கண்டுபிடித்து அந்த எண்ணையும் எழுதுங்கள். நிலவியல் அறிக்கைகள் ஊர்ப் பெயரைவிடத் தாள் எண்ணைத்தான் அதிகம் பயன்படுத்தும்.

படி 2: ஆவணங்களைக் கால வரிசையில் அடுக்குங்கள்

முதல் வாசல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை. 1851இல் தொடங்கியது. சென்னை மாகாணத்தின் இந்தப் பகுதியை வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் 1860களிலேயே நடந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். (1863இல் பல்லாவரத்தில் கற்கோடரி எடுத்தாரே, அதே ஃபூட்தான்.) அந்தக் காலத்து நூல்களில் உங்கள் தடயம் இல்லாமல் போகலாம். ஆனால் பாறைகளைப் பற்றிய அவர்களுடைய கண் கூர்மையானது, படிக்காமல் விடாதீர்கள்.

அந்தத் துறையின் பூகோஷ் தளத்தில் நிலவியல் வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2023 டிசம்பரில் தொடங்கிய தேசியப் புவியறிவியல் தரவுக் களஞ்சியத்தில் ஆய்வு அறிக்கைகளும் அடிப்படைத் தரவுகளும் இருக்கின்றன. பதிவு செய்துகொண்டால் போதும். அடுத்தது நாக்பூரில் இருக்கும் இந்தியச் சுரங்கப் பணியகம். இதன் ஆண்டுப் புத்தகத்தில் செம்பு அத்தியாயத்தையும் ஈயம்–துத்தநாகம் அத்தியாயத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். மாநில அளவில், சென்னை கிண்டியில் உள்ள நிலவியல், சுரங்கத் துறை அலுவலகம். 1972இல் உருவான மத்திய அரசின் கனிம ஆய்வுக் கழகம் துளையிட்ட இடமாக இருந்தால் அதன் அறிக்கையும் வேண்டும்.

எடுத்ததையெல்லாம் வாசித்துக் குறிப்பெடுக்காதீர்கள், குழம்பிப்போவீர்கள். ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டு ஒவ்வொரு அறிக்கைக்கும் இவற்றை மட்டும் நிரப்புங்கள்: எந்த ஆண்டு, எந்த உலோகத்தைத் தேடினார்கள், என்ன கருவி வைத்திருந்தார்கள், எவ்வளவு ஆழம் பார்த்தார்கள், ஏன் நிறுத்தினார்கள்.

இரண்டாவது கட்டம் சாதாரணமாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் கதையின் சாவி அதில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லை 1883இல் அடையாளம் கண்ட சார்லஸ் ராஸ்ப் அதை வெள்ளீயத் தாது என்று நினைத்துத்தான் பட்டா போட்டார். பிறகு அது உலகின் மிகப் பெரிய ஈய, துத்தநாக, வெள்ளிப் படிவங்களில் ஒன்று என்று தெரிந்தது. அங்கேயும் பல ஆண்டுகள் ஈயத்தையும் வெள்ளியையும் எடுத்துக்கொண்டு துத்தநாகத்தைக் கழிவு மேட்டில் கொட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரைத்த தாதுவை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் நுரைமிதப்பு முறை வந்த பிறகுதான் அந்தக் கழிவு பணமானது. பழைய அறிக்கையில் ‘செம்புத் தடயம்’ என்று இருந்தால், அங்கே செம்புதான் முக்கியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். செம்பு பச்சையாகவும் நீலமாகவும் கறை விட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ளும். துத்தநாகம் நிறமே காட்டாமல் மழைநீரோடு போய்விடும். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்தது செம்பு, அதனால் செம்பு என்று எழுதினார்கள்.

மூன்றாவது கட்டத்துக்கு ஒரு குறிப்பு. மாதிரியில் எந்த உலோகம் எவ்வளவு என்று அளக்கும் அணு உட்கவர்தல் முறையை ஆலன் வால்ஷ் வெளியிட்டது 1955இல். அது ஆய்வகங்களில் பரவியது அதற்கும் பிறகுதான். அதற்கு முந்தைய பகுப்பாய்வில் ஈயம், துத்தநாகம், செம்பு எண்கள் இருக்கும். காட்மியம், இண்டியம், ஜெர்மானியம் போன்றவற்றைப் பெரும்பாலும் கேட்டிருக்கவே மாட்டார்கள். ‘இல்லை’ என்பதும் ‘பார்க்கவில்லை’ என்பதும் அட்டவணையில் ஒரே கோடாகத்தான் இருக்கும்.

படி 3: பாறையின் கதையைப் புரிந்துகொள்ளுங்கள்

கொஞ்சம் நின்று நிதானமாகப் போக வேண்டிய இடம் இது.

மாமண்டூர் இருப்பது தென்னிந்தியக் கிரானுலைட் நிலப்பகுதியில். பாலக்காடு–காவிரி பிளவு மண்டலத்துக்கு வடக்கே உள்ள இந்தப் பாறைகள் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. சுற்றிலும் சார்னோக்கைட். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் பார்க்கிறோமே, எண்ணெய் தடவியது போல மங்கலாக மின்னும் அந்தக் கருங்கல்தான். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையில் செய்தது என்பதால் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பெயரை வைத்தார். இவற்றுக்கிடையே வண்டல் பாறையாகப் பிறந்து பிறகு உருமாறிய நைஸ் பாறைகள் பட்டைகளாக வருகின்றன. மாமண்டூரின் தாது அந்த நைஸில்தான் இருக்கிறது.

இதனால் நடைமுறையில் மூன்று விளைவுகள்.

முதலாவது, தாது பிறந்த காலத்து வடிவம் அழிந்துவிட்டது. கடலடி வெந்நீர் ஊற்றில் படிந்ததா, வண்டலுக்குள் ஊறியதா என்று இப்போது பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. உருமாற்றத்தின்போது சல்பைடுகள், அதாவது உலோகமும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள், பக்கத்துப் பாறையைவிட எளிதில் இளகி நகரும். பாறை மடியும்போது மடிப்பின் கைகளில் (இரு பக்கங்களில்) மெலிந்து, மடிப்பின் முனையில் தடித்துச் சேரும். அதனால் தரைமட்டத்தில் குறுகலாகத் தெரியும் தாது, மடிப்பு அச்சு சாயும் திசையில் நீண்ட கோல் வடிவில் ஆழத்துக்குப் போயிருக்கலாம். அந்தச் சாய்வுத் திசையை யாராவது அளந்தார்களா? அறிக்கையில் முதலில் தேட வேண்டிய எண் இது. அளக்காமல் தாதுவின் நீளவாக்குக்குக் குறுக்கே மட்டும் சம இடைவெளியில் துளை போட்டிருந்தால், தேடல் போதாது என்பதற்கு அது வலுவான சான்று.

இரண்டாவது, கனிமத் துகள்கள் பருத்திருக்கும். தாதுவை அரைத்துப் பிரிக்க இது நல்லது. ஆனால் இந்த வெப்பநிலையில், துத்தநாகச் சல்பைடான ஸ்பேலரைட்டுக்குள் இரும்பு நிறைய நுழைந்துவிடுவது வழக்கம். சுத்தமான ஸ்பேலரைட்டில் 67 சதவீதம் துத்தநாகம். இரும்பு ஏற ஏற அது குறையும். எவ்வளவு நன்றாகப் பிரித்தாலும் செறிவுத் தாதுவின் தரம் அதற்கு மேல் ஏறாது. உருக்காலைக்காரர் விலையைக் குறைப்பார்.

மூன்றாவதுதான் என்னைக் கேட்டால் மாமண்டூரின் மிகச் சுவையான பகுதி: கானைட். துத்தநாகமும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஸ்பினல் வகைக் கனிமம், கரும்பச்சை நிறம், கத்தியால் கீற முடியாத கடினம். மாமண்டூரின் துத்தநாக ஸ்பினல் பற்றி 1999இல் ஒரு பன்னாட்டுக் கனிமவியல் இதழில் கட்டுரையே வந்திருக்கிறது. அலுமினியம் மிகுந்த பாறையில் ஸ்பேலரைட் சூடேறும்போது கந்தகத்தை இழந்து, துத்தநாகம் ஸ்பினலுக்குள் போய்விடும். புரோக்கன் ஹில்லிலும் தாதுவை ஒட்டிக் கானைட் ஏராளம். தாதுவைவிடப் பரந்த இடத்தில் தூவியது போல இருக்கும். மழையிலும் வெயிலிலும் கரையாது. துத்தநாகச் சல்பைடு மண்ணில் தடயமில்லாமல் போன பிறகும் ஓடை மணலில் இது கிடக்கும். ஆனால் கானைட் இருந்தாலே கீழே தாது என்று துள்ள வேண்டாம். துத்தநாகம் கொஞ்சம் கூடுதலாக இருந்த சாதாரணக் களிப்பாறை உருமாறினாலும் கானைட் வரும். துகளின் வேதியியலைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

படி 4: களத்துக்குப் போங்கள்

போவதற்கு முன் சட்டம். 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் கனிமத் தேடலில் இறங்கக் கூடாது. பார்ப்பது, படம் எடுப்பது, நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு படிப்புக்காக ஒரு கைக்கல் எடுப்பது என்ற அளவில் நில்லுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி தனி. பழைய குழிகளுக்குள் இறங்காதீர்கள். விளிம்பு சரியும், உள்ளே காற்று கெட்டிருக்கும்.

ஊருக்குள் போனதும் பாறையைத் தேடி ஓட வேண்டாம். கிணறு வெட்டிக் கொட்டிய கல் மேடுகளை முதலில் பாருங்கள். பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தின் புதிய பாறையை யாரோ செலவழித்து மேலே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்! எந்தக் கிணற்றில் கல் துருப்பிடித்தது, எதில் கல் ‘மினுமினுப்பாக’ வந்தது என்று வயதானவர்களிடம் கேட்டால் அறிக்கையில் இல்லாத தகவல் கிடைக்கும். “ஐயா, முன்னாடி சர்க்கார்க்காரங்க போர் போட்டாங்களாமே, எந்தப் பக்கம்?” என்று கேளுங்கள். துளை மூடிய சிமெண்டுக் கட்டை வரப்போரம் எங்காவது இருக்கும். அதை வைத்துப் பழைய வரைபடத்தை இன்றைய நிலத்தோடு பொருத்திவிடலாம்.

அப்புறம் இரும்புத் தொப்பி. சல்பைடு தாது தரைமட்டத்தில் காற்றும் நீரும் பட்டுச் சிதைந்து, இரும்பு ஆக்சைடு மட்டும் மிஞ்சி நிற்கும் துருப்பாறையைக் காசன் என்பார்கள். இந்தப் பகுதியில் ஏமாற்றக்கூடியவை இரண்டு. திருவண்ணாமலை கவுத்திமலை, சேலம் கஞ்சமலை போன்ற இடங்களில் மலையாகவே நிற்கும் மேக்னடைட் குவார்ட்சைட் (காந்த இரும்புத் தாதுவும் குவார்ட்ஸும் சேர்ந்த பாறை) சிதைந்தாலும் இதே துரு நிறம்தான். செம்புரைக்கல்லும் அப்படித்தான். மூன்றையும் பிரிக்க ஒரு கல்லைப் புதிதாக உடைத்து, பத்து மடங்கு லென்சை வைத்து, வெயில் பக்கவாட்டில் விழும்படி திருப்பிப் பாருங்கள். காசனில் வெற்று அறைகள் தெரியும். சல்பைடு துகள் கரைந்துபோக, அதைச் சுற்றியிருந்த சிலிக்காவும் இரும்பும் தேன்கூட்டுச் சுவர் போல நின்றிருக்கும். சதுரமான அறை என்றால் அங்கே இருந்தது பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு. கன சதுரமாகப் படிக்கட்டு மாதிரி வெட்டிய அறை, ஈயச் சல்பைடான கலினாவின் பிளவு. சாய்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் மெல்லிய சுவர்கள் ஸ்பேலரைட்டின் அடையாளமாக இருக்கலாம். மஞ்சள் பொடி ஜரோசைட், பழுப்பு கீத்தைட், இரண்டும் சிதைவில் உண்டாகும் இரும்புக் கனிமங்கள். மேக்னடைட் குவார்ட்சைட்டில் இந்த அறைகள் இருக்காது, காந்தம் ஒட்டும், பட்டை பட்டையாக இருக்கும்.

சிதையாத கல் கிடைத்தால் இரண்டு எளிய சோதனை. ஸ்பேலரைட்டைப் பீங்கானில் தேய்த்தால் வெளிறிய மஞ்சள்–பழுப்புக் கோடு விழும். அந்தப் பொடியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் அழுகிய முட்டை நாற்றம் வரும். வெண்கல நிறக் கனிமம் காந்தத்தில் இழுபட்டால் அது பிரோடைட், இன்னொரு இரும்புச் சல்பைடு.

படி 5: மண்ணின் எண்களைச் சந்தேகத்தோடு படியுங்கள்

பூமியின் மேலோட்டின் சராசரியில் துத்தநாகம் பத்து லட்சத்தில் 70 பங்கு, செம்பு 50–60, ஈயம் 15 என்ற அளவு. மண் மாதிரியின் எண்களை இதனோடு ஒப்பிடலாம், ஆனால் நேராக அல்ல. சல்பைடு சிதையும்போது உண்டாகும் அமில நீரில் துத்தநாகம் கரைந்து ஓடிவிடும். ஈயம் நகராமல் அங்கேயே தங்கும். செம்பு நடுவில். காசனில் ஈயம் அதிகம், துத்தநாகம் சொற்பம் என்று வந்தால் கீழே துத்தநாகம் இல்லை என்று பொருள் அல்ல. துத்தநாகச் சுரங்கம் பலவற்றின் தலைப்பகுதி இப்படித்தான் இருந்தது.

நிலவியல் ஆய்வுத் துறையின் தேசியப் புவிவேதியியல் வரைபடத் தரவைப் பயன்படுத்தும்போது அதன் கண்ணி அளவை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் ஓடை வண்டலோ மண்ணோ எடுத்து, நான்கைக் கலந்து ஒரு மாதிரியாக்குவார்கள். முந்நூறு மீட்டர் நீளமும் சில மீட்டர் அகலமுமான தாதுவின் குரல் நான்கு சதுர கிலோமீட்டர் மண்ணில் கரைந்துவிடும். அந்த வரைபடத்தில் உங்கள் இடம் வெறுமையாக இருந்தால் பதற வேண்டாம்.

படி 6: புவி இயற்பியல் அறிக்கையில் எந்தக் கருவி என்று பாருங்கள்

செம்புத் தாதுவான சால்கோபைரைட், பிரோடைட், கலினா எல்லாம் மின்சாரத்தைக் கடத்தும். ஸ்பேலரைட் கடத்தாது. மின்காந்த முறையிலும், தரையில் தானாக எழும் மின்னழுத்தத்தை அளக்கும் தன்மின்னழுத்த முறையிலும் துத்தநாகம் தனியாகத் தெரியவே தெரியாது. கூட இருக்கும் பைரைட்டையும் பிரோடைட்டையும் வைத்துத்தான் ஊகிக்கிறோம். இரும்புச் சல்பைடு குறைந்த, துத்தநாகம் மிகுந்த பகுதி அந்த வரைபடத்தில் ஒன்றுமில்லாத இடமாகத் தெரியும். மறுபக்கம், உருமாறிய வண்டல் பாறையில் கிராஃபைட் இருந்தால் பிரமாதமான மின் சமிக்ஞை கிடைக்கும், துளை போட்டால் வெறும் கரி வரும்.

மாறாக, இலங்கையில் திருகோணமலை மாவட்டத்தின் சேருவிலவில் 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட செம்புப் படிவத்தைப் பாருங்கள். ஹைலண்ட், விஜயன் பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. அங்கே செம்பு மேக்னடைட்டோடு கலந்து வருவதால் காந்தமானியே நேராக வழிகாட்டும். அங்கே தேடலை அளவிடும்போது வேறொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1983க்குப் பிறகு பல ஆண்டுகள் கிழக்கு மாகாணத்தில் களப்பணி செய்யும் நிலைமை இல்லை. தேடல் நின்ற காரணம் கட்டத்தில் பாறைக்குச் சம்பந்தமில்லாத காரணமும் வரும் என்பதற்கு இது உதாரணம்.

படி 7: துளைப் பதிவேடு

முடிந்தால் கோர் (துளையிலிருந்து வெளியே எடுத்த உருளைக் கல்) இருக்கும் பெட்டியையே பாருங்கள். முடியாவிட்டால் பதிவேடு. அதில் கவனிக்க வேண்டியது நான்கு.

கோர் நீளமும் உண்மைத் தடிமனும் வேறு. துளை, பாறையின் படலத்தை 30 பாகைக் கோணத்தில் வெட்டியிருந்தால் 10 மீட்டர் கோர் என்பது 5 மீட்டர் தடிமன்தான். சுருக்க அட்டவணையில் பெரும்பாலும் கோர் நீளத்தைப் போட்டிருப்பார்கள்.

சராசரி எப்படி எடுத்தார்கள்? அரை மீட்டருக்கு 12 சதவீதத் துத்தநாகம், அதை ஒட்டி மூன்றரை மீட்டருக்கு 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீளத்தால் பெருக்கிக் கூட்டி வகுத்தால் நான்கு மீட்டருக்கு 2.4 சதவீதம் வருகிறது. ‘12 சதவீதம் கிடைத்தது’ என்பதும் உண்மை, ‘2.4 சதவீதம்’ என்பதும் உண்மை. ஆனால் சுரங்கத்தில் அரை மீட்டர் அகலத்துக்கு மட்டும் தோண்ட முடியாது.

கோர் எவ்வளவு மீண்டது? பழைய துளையிடலில் நொறுங்கும் தாதுப் பகுதி தண்ணீரோடு போய், கெட்டிப் பாறை மட்டும் பெட்டிக்கு வந்திருக்கும். மீட்பு 60 சதவீதம் என்று இருந்தால் அந்தத் தரத்தை நம்பாதீர்கள், மேலேயும் போயிருக்கலாம், கீழேயும் போயிருக்கலாம்.

கடைசியாக, மிக ஆழமான துளை எங்கே நின்றது, எதில் நின்றது? தாதுவைத் தாண்டி வெற்றுப் பாறைக்குள் போய் நின்றதா, இல்லை தாது இருக்கும்போதே பணம் தீர்ந்து நின்றதா? இதற்குப் பதில் கிடைத்தால் தொடக்கத்துக் கேள்வியில் பாதி முடிந்தது.

படி 8: டன் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

நீளம் 400 மீட்டர், ஆழம் 150, தடிமன் 3, அடர்த்தி 3.2 என்று ஒரு கற்பனைத் தாது. பெருக்கினால் 5.76 லட்சம் டன். அதே தாதுவை 300 மீட்டர் ஆழம் வரை துளைத்துத் தொடர்ச்சியைக் காட்டியிருந்தால் 11.5 லட்சம். பாறை மாறவில்லை, துளையின் ஆழம் மாறியது. சிறு தடயங்களின் டன் எண்ணைப் பார்க்கும்போது அதில் பாறை எவ்வளவு, துளை எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

எண்ணின் நம்பகத்தைச் சொல்ல ஐ.நா. வகைப்பாட்டுக் குறியீடு உதவும். 111 என்றால் பொருளாதாரம், சாத்தியம், நிலவியல் மூன்றும் உறுதி. 333, 334 என்றால் ஊகத்துக்குக் கொஞ்சம் மேல். இந்தியாவில் 2015 விதிகளின்படி தேடலின் கட்டங்கள் ஜி4இலிருந்து ஜி1 வரை. ஜி4 முதல் பார்வை, ஜி1 விரிவான ஆய்வு. இன்னொரு பொறி: பல உலோகத் தாது ஒன்றுதான், ஆனால் செம்பு அட்டவணையிலும் வரும், ஈயம்–துத்தநாக அட்டவணையிலும் வரும். இரண்டையும் கூட்டி இரட்டிப்பாக்காதீர்கள்.

இப்போது மாமண்டூரின் 8 லட்சம் டன்னை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1,000 டன் அரைக்கும் சிறிய ஆலை, ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் மூன்று ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். ஆலை போட்ட கடனே அடையாது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு சுரங்கம் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

படி 9: பெரிய அண்ணனோடு ஒப்பிடுங்கள்

ராஜஸ்தானின் ராம்புரா அகுச்சா 1977இல் மாநில நிலவியல் துறையின் கண்ணில் பட்டது. அங்கேயும் பாறை, கிராஃபைட், சில்லிமனைட் கொண்ட கடுமையாக உருமாறிய நைஸ். தரையில் காசனும் பழங்காலக் குழிகளும் இருந்தன. ஸ்பேலரைட், கலினா, பைரைட், பிரோடைட் என்று கனிமப் பட்டியலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். ஆனால் அது பத்துக் கோடி டன்னுக்கு மேற்பட்ட படிவம், 1991 முதல் சுரங்கம் ஓடுகிறது. அங்கேயும் 1977 வரை நவீன நிலவியலாளர்களுக்கு அது வெறும் துருப்பிடித்த மேடு.

இதைச் சொல்லி மாமண்டூரும் நாளை அகுச்சா ஆகும் என்று சிலர் கிளம்புவார்கள். அப்படி நான் சொல்லவில்லை. அகுச்சாவில் தரையிலேயே தாதுவின் நீளம் கிலோமீட்டருக்கு மேல். ஒரே வகைப் பாறை என்பதால் ஒரே அளவுத் தாது வராது. ஒப்பீட்டின் பயன் வேறு: அதே வகைப் பாறையில் தாது எந்தப் படலத்தை ஒட்டியது, மடிப்பில் எங்கே தடித்தது, எந்தக் கருவிக்குத் தெரிந்தது என்ற பட்டியலை எடுத்து, இவற்றில் எதை உங்கள் இடத்தில் இன்னும் சோதிக்கவில்லை என்று டிக் போடலாம்.

படி 10: தீர்ப்பை எழுதுங்கள், சோதனையோடு

கட்டத் தாளை மீண்டும் எடுங்கள். மடிப்பின் சாய்வை அளந்து, அதன் வழியே துளைத்து, தாதுவைத் தாண்டி வெற்றுப் பாறையில் நின்றிருந்தால் பாறையே சிறியது என்று எழுதுங்கள். கூசாமல் எழுதுங்கள், பெரும்பாலான தடயங்களுக்கு அதுதான் உண்மை. இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தால் தேடல் சிறியது என்று எழுதி, விடுபட்டது எது என்று குறிப்பிட்டு, அதைச் சோதிக்க ஆகக் குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்று சேர்த்துவிடுங்கள்.

2023 சட்டத் திருத்தம் செம்பு, ஈயம், துத்தநாகம், காட்மியம் உள்ளிட்ட 29 கனிமங்களுக்கு ஆய்வு உரிமம் என்ற புது வகையை ஏலத்தில் கொண்டுவந்திருக்கிறது. ஏலத்துக்கு வரும் நிறுவனம் முதலில் கேட்பது, ஏற்கெனவே யார் என்ன பார்த்தார்கள் என்பதைத்தான்.

மாமண்டூர் மாதிரி இடத்துக்கு நான் எழுதக்கூடிய முதல் சோதனை கானைட். முறையான அனுமதியோடு, தாதுப் பட்டை நீளும் திசையில் இரு பக்கமும் குறுக்கிடும் ஓடைகளில் கற்கள் தேங்கும் மடுக்களில் மணல் எடுத்து, தட்டில் அலசுங்கள். கானைட் நீரைவிட நான்கு மடங்குக்கும் மேல் கனம், கார்னெட்டோடு அடியில் தங்கும். காய்ந்ததும் காந்தத்தால் மேக்னடைட்டை நீக்குங்கள். மிச்சத்தில் கரும்பச்சைத் துகள்களை ஊசி முனையால் பொறுக்கி நுண்பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள். ஹெர்சினைட் என்னும் இரும்பு ஸ்பினலும் இதே நிறம்தான், கண்ணால் பிரிக்க முடியாது. துத்தநாகம் மிகுந்த துகள் எந்த ஓடை வரை வருகிறது, எந்த ஓடையில் நின்றுவிடுகிறது என்று வரைபடத்தில் புள்ளி வையுங்கள். பழைய துளைகள் போட்ட எல்லையைத் தாண்டியும் புள்ளிகள் போனால், அடுத்த துளையை எந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்த எல்லைக்குள்ளேயே நின்றால் அதையும் அப்படியே அறிக்கையில் சேருங்கள்.